ஏற்காட்டு வீட்டில் மேற்குப் பக்க ஜன்னல்கள் ஒழுகுகின்றன: கழற்றுவதா, சரிசெய்வதா?

மலைவீடு (அக்டோபர் 19, இரவு 10.40)

வணக்கம். ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகிற வழியில் எங்கள் வீடு. அப்பா 1974-ல் கட்டியது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே மங்களூர் ஓடு. அப்பா இப்போது இல்லை. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் அஸ்தம்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் வருகிறேன்.

மேற்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள். இரண்டு படுக்கையறையில், ஒன்று சமையலறையில். தேக்கு நிலை, தேக்குக் கதவு, கதவுக்கு மூன்று கண்ணாடி. வெறும் தூறலுக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்றோடு மழை வந்தால் மூன்றிலும் தண்ணீர் வருகிறது. படுக்கையறையில் இடது ஜன்னல்தான் மோசம். அதன் கீழ் மூலையிலிருந்து சுவரோடு வழிந்து கட்டில் கால் வரை போகிறது. அம்மா பழைய வேட்டியைக் கிழித்துத் திரி மாதிரி முறுக்கி, ஒரு முனையை அந்த மூலையில் செருகி, மறு முனையை வாளிக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வாளியில் சேர்கிறது. போன வியாழன் இரவு இரண்டு முறை எழுந்து வாளியைக் கொட்டினார்களாம். எழுபத்தொரு வயது. அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் ஒருவரை அழைத்துவந்து வெளியே கண்ணாடி ஓரம், நிலை ஓரம் எல்லாம் சிலிக்கான் பசை அடித்தோம். சன்ஷேடு மேலே சிமெண்ட் பாலும் ஊற்றினார். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. இப்போது அவரே, மூன்றையும் பெயர்த்துவிட்டு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போடுங்கள் என்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார். பணம் புரட்டிவிடலாம். ஆனால் அது அப்பா கூடவே நின்று பார்த்து வாங்கிய தேக்கு. எடுக்க அம்மாவுக்கு விருப்பமில்லை. அதற்காக ஒழுகுகிற அறையில் அவரைப் படுக்கவிடவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கோரிமேடு பட்டறை (அக்டோபர் 19, இரவு 11.25)

அலுமினியம், யுபிவிசி ஜன்னல் செய்வதுதான் என் தொழில். மாற்றுங்கள் என்று சொன்னால் எங்களுக்குத்தான் வேலை. ஆனாலும் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் மாற்றினால் புது ஜன்னலும் ஒழுகும். அப்படி மாற்றிவிட்டு எங்களிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

காற்று மழை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.6 ஆல் பெருக்கினால் சுவரில் விழும் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். மணிக்கு 50 கி.மீ. காற்று என்றால் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். 14 × 14 × 0.6, ஏறத்தாழ 117 பாஸ்கல். ஒரு மி.மீ. உயரத் தண்ணீருக்கு 9.8 பாஸ்கல். ஆக, அந்தக் காற்று தண்ணீரை 12 மி.மீ. மேலே தள்ளி நிறுத்தும். தண்ணீர் கீழேதானே போகும் என்று நாம் நினைக்கிறோம். காற்று மழையில் மேலேயும் ஏறும்.

இதனால்தான் மலையில் மேற்குச் சுவருக்கு ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம் என்பேன். டிராக்கின் உள்பக்கத் தடுப்பு அந்த 12 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், டிராக்கில் தேங்கும் தண்ணீர் அதைத் தாண்டி அறைக்குள் கொட்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே திறக்கும் கதவு, சுற்றிலும் ரப்பர் வைத்தது. காற்று அடிக்க அடிக்க அது இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.


நாகலூர் காப்பிக்காடு (அக்டோபர் 20, காலை 6.15)

நானும் மலைக்காரிதான். நாங்கள் நான்கு வருடம் முன்பு பழைய ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி வைத்தோம். முதல் ஐப்பசி மழையிலேயே உள்ளே தண்ணீர். வைத்தவர் வந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிலிக்கான் தடவிவிட்டுப் போனார். மறுபடியும் தண்ணீர்.

ஒருநாள் மழை விட்டதும் நானே வெளியே நின்று பார்த்தேன். சட்டத்தின் அடியில், வெளிப்பக்கம், விரல் நகம் அளவுக்கு இரண்டு நீளத் துளைகள். அவற்றின் மேலும் சிலிக்கானை இழுத்து மூடியிருந்தார்கள். தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்துக் குத்தினேன். பழுப்பு நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, சில்வர் ஓக் இலைத்தூளோடு. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அவ்வளவு தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கிறது. இரண்டாவது துளையையும் திறந்துவிட்டேன். அன்றோடு நின்றது.

பட்டறைக்காரரே, அந்தத் துளைகளை ஏன் மூடுகிறார்கள்?


கோரிமேடு பட்டறை (அக்டோபர் 20, காலை 8.50)

அம்மா, துளையைப் பார்த்தால் ஓட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். அது சட்டம் செய்யும்போதே வைக்கிற வழி. வெளி ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்தது அந்தத் துளை வழியாக வெளியே போய்விட வேண்டும். புதிதாக ஜன்னல் வைக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: வேலை முடிந்த அன்றே ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழ்ச் சட்டத்தில் ஊற்றுங்கள். வெளியே வடிந்தால்தான் பணம் கொடுங்கள்.


உளிச்சத்தம் (அக்டோபர் 20, மதியம் 1.10)

தம்பி, தேக்கைக் கழற்ற வேண்டாம். 1974 தேக்கு இனி கிடைக்காது. ஆனால் பாசத்தை நம்பி முடிவெடுக்காதே, குத்தூசியை நம்பு. ஒவ்வொரு கதவின் கீழ்ச்சட்டத்திலும், நிலையின் கீழ்க்கட்டையிலும், முக்கியமாக மூலையில் பொருத்து சேருகிற இடத்திலும் அழுத்திக் குத்திப் பார். ஊசி 2 மி.மீ.யோடு நின்றால் மரம் நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தத் துண்டு போய்விட்டது. போன துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுப் போடலாம்.

இன்னொன்று. கண்ணாடியைப் பிடித்திருக்கிற மக்கைப் பார். அந்தக் காலத்து மக்கு சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்தது. முப்பது நாற்பது வருடத்தில் காய்ந்து வெடித்து, கண்ணாடியை விட்டு ஒரு நூல் விலகி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தை வைத்து நெம்பினால் பாளமாக வரும். அந்த ஒரு நூல் போதும், தண்ணீர் அதில் தானாகவே இழுத்துக்கொள்ளும்.


வீல்ஹவுஸ் (அக்டோபர் 20, இரவு 9.05)

ஐயா, நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு கட்டும் இடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இப்போது மகன் வீட்டோடு சேலத்தில் இருக்கிறேன். வீட்டு ஜன்னல் எனக்குத் தெரியாது. படகு ஜன்னல் தெரியும். கடலில் தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது. முன்னால் இருந்தும் கீழிருந்தும் அறையும். வீல்ஹவுஸ், அதாவது படகை ஓட்டுகிற அறை, அதன் கண்ணாடி ஒழுகினால் உள்ளே இருக்கிற மின்கம்பி, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் போய்விடும். அதனால் அதில் நாங்கள் மெத்தனமாக இருந்ததில்லை.

எங்களுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது, சொட்டுகிற இடத்தை நம்பாதே என்பதுதான். வெளிப்பலகைக்கும் உள் ஒட்டுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் நான்கு அடி நடந்துபோய் வேறு எங்கேயோ சொட்டும். கூரையில் ஒரு திருகாணி வழியாகப் புகுந்தது ஜன்னல் மூலையில் வந்து நிற்கும். ஆள் ஜன்னலைப் போட்டு நோண்டிக்கொண்டிருப்பான்.

அடுத்தது, ஒழுகும் ஜன்னலுக்கு மேலே பூசக் கூடாது. வெளியே இழுத்துவிடுகிற பசை ஒரு கோடைக்குத் தாங்கும், அவ்வளவுதான். கழற்று, பழையதைச் சுத்தமாகச் சுரண்டு, காயவை, புதிதாகப் படுக்கை போட்டு அதன் மேல் வை. மரப்படகில் கலப்பத்து அடிக்கிறவரும் (பலகை இடுக்குகளை அடைப்பவர்) அதைத்தான் செய்வார். பழைய பஞ்சை முழுக்கத் தோண்டி எடுத்த பிறகுதான் புதுப் பஞ்சைத் திணிப்பார், மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார். பழையதன் மேல் புதியதை அடிக்கிற கலப்பத்துக்காரர் யாரும் இல்லை.

மூன்றாவது, திருகாணியை முறுக்கோ முறுக்கென்று முறுக்கக் கூடாது. முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் தாள் அளவுக்குத்தான் மிஞ்சும். வெயிலில் சட்டம் விரியும்போது அது கிழிந்துவிடும். பாதி முறுக்கி நிறுத்து. பசை ரப்பர் ஆனபிறகு மீதியை முறுக்கு.


சிவில் சேலம் (அக்டோபர் 21, காலை 7.30)

வீல்ஹவுஸ் ஐயா சொன்னது கட்டடத்துக்கும் அப்படியே பொருந்தும். மலைவீடு, இந்த ஞாயிறு மழை இல்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். கார்டன் ஹோஸ் ஒன்று, வெளியே ஓர் ஆள், உள்ளே ஓர் ஆள். அடியிலிருந்து மேலே போக வேண்டும், இது முக்கியம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

முதலில் ஜன்னலின் கீழ்க்கட்டைக்கு அடியில் பத்து நிமிடம். பிறகு கண்ணாடி ஓரங்கள். பிறகு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலான பக்கவாட்டு இடுக்கு. பிறகு நிலையின் தலைப்பகுதி. கடைசியாகச் சன்ஷேடின் மேல்பக்கம், அது சுவரோடு சேரும் மூட்டு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், நிதானமாக. உள்ளே ஜன்னல் ஓரமெங்கும் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்தால் முதல் துளி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் நிறம் கலந்து ஊற்றுங்கள்.

உங்கள் வார்த்தையில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. சிலிக்கான் அடித்த பிறகு அதிகமானது என்றீர்கள். அப்படியானால் நுழையும் வழி அப்படியே இருந்து, வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று தோன்றுகிறது.


நாகலூர் காப்பிக்காடு (அக்டோபர் 21, காலை 9.40)

சோதனைக்கு முன் ஒன்று. சமையலறை ஜன்னலில் மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் கண்ணாடி முழுக்க நனைந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் அது ஒழுகல் இல்லை, வேர்வை. மார்கழி, தையில் எங்கள் வீட்டில் தினமும் நடக்கும். வெளியே குளிர், உள்ளே கொதிக்கிற வெந்நீர், அடுப்போரம் காயப்போட்ட துணி. ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கும். மரம் அதிலேயே இற்றுப்போகும். இதற்கு எந்தப் பசையும் உதவாது. எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.


சங்ககிரி பாடி பில்டிங் (அக்டோபர் 21, மாலை 4.00)

பஸ் கண்ணாடி மாதிரி ரப்பர் போட்டுவிடலாமே? ரப்பர் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை உருவினால் ரப்பர் உதடு தானாக ஏறிக்கொள்ளும். எங்களுக்குக் கால் மணி நேர வேலை.


வீல்ஹவுஸ் (அக்டோபர் 21, இரவு 8.20)

அந்த ரப்பர் தகட்டைக் கவ்விப் பிடிக்கத்தான், தம்பி. பஸ்ஸிலும் படகிலும் 2, 3 மி.மீ. தகடு இருக்கிறது, கவ்வுகிறது. இங்கே ஒன்றரை அங்குல மரச்சட்டம். கவ்வ இடமில்லை. ஆனால் கயிறு உருவுகிற அந்த வேலையைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான்.


மலைவீடு (அக்டோபர் 26, இரவு 9.50)

இன்று சோதனை முடிந்தது. பக்கத்து எஸ்டேட் பையன் ஹோஸ் பிடித்தான். நான் கடிகாரத்தோடு வெளியே நின்றேன். உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தது அம்மா. வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

படுக்கையறை வலது ஜன்னல்: கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் பட்ட நான்காவது நிமிடம் கீழ்க் கண்ணாடியின் உள்பக்கம் கசிந்தது. உளிச்சத்தம் ஐயா சொன்னதுபோல மக்கு நகத்தில் பாளமாகப் பெயர்ந்து வந்தது.

இடது ஜன்னல்தான் முக்கியமானது. கீழே ஊற்றினோம், இல்லை. கண்ணாடி, இல்லை. பக்கம், இல்லை. நிலையின் தலை, அதுவும் இல்லை. சன்ஷேடு மூட்டில் ஊற்ற ஆரம்பித்து ஏழாவது நிமிடம், உள்ளே இருந்து "வருதுடா" என்று அம்மா குரல் கேட்டது. சன்ஷேடு ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் வந்தது கீழ் மூலையில். நாலரை அடி சுவருக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது.

கலர் கலக்கச் சொன்னீர்களே, அம்மா மஞ்சள் தூளைக் கரைத்துக் கொடுத்தார்கள். மஞ்சளாக ஊற்றியது உள்ளே சிவப்பாக வந்தது. நான் துருவோ என்று பயந்துவிட்டேன். அம்மாதான் சொன்னார்கள், ஆலத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவப்பாகும், இது சிமெண்ட் வழியாக வந்திருக்கிறது, மரத்தின் வழியாக வரவில்லை என்று. டிஷ்யூ பேப்பரில் அந்தச் சிவப்புத் திட்டு இன்னும் இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

சமையலறை ஜன்னல்: கண்ணாடி ஓரத்தில் லேசான கசிவு. விடியற்காலை ஈரமும் உண்டு என்கிறார்கள். நிலையின் கீழ்க்கட்டையில் குத்தூசி ஓர் அங்குலம் இறங்கியது. பக்கக் கட்டையிலும் முழம் உயரத்துக்கு அப்படித்தான்.


சிவில் சேலம் (அக்டோபர் 26, இரவு 10.30)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சுண்ணாம்பு கலந்தால் மஞ்சள் சிவக்கும் என்பதற்குப் பின்னால் இருப்பது காரத்தன்மைதான். சிமெண்ட்டும் காரம். போன வருடம் ஊற்றிய சிமெண்ட் பாலின் விரிசல் வழியாகவே போயிருக்கிறது.

இப்போது கதை தெளிவாகிறது. மூட்டில் புகுந்த தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கி, நிலையின் அடிக்கு வந்து, அங்கே நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் கொஞ்சம்தான் உள்ளே வந்திருக்கும். அந்த இடுக்கைச் சிலிக்கானால் அடைத்ததும், போக வேறு வழியில்லாமல் அறைக்குள் வருகிறது. நாளைக்கே கீழ்க்கட்டைக்கு அடியில் இருக்கும் சிலிக்கானை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனால் வாளி வேலை குறையும். சன்ஷேடு மேலே ஒரு தார்ப்பாய்த் துண்டை மூட்டு மறையும்படி போட்டு, சுவரில் பட்டி வைத்து அடித்துவிடுங்கள்.


உளிச்சத்தம் (அக்டோபர் 27, காலை 6.50)

மரவேலையை இப்போது தொடாதே, தம்பி. ஐப்பசி கார்த்திகையில் மலையில் மரம் ஈரமாகத்தான் இருக்கும். ஈர மரத்தை மூடினால் உள்ளிருந்து இற்றுப்போகும். தை கழியட்டும். மாசி வெயிலில் கதவைக் கழற்றி, நிழலில் இரண்டு வாரம் சாய்த்து வை.

சமையலறை நிலையைப் பற்றி நீ எழுதியது கவலையாக இருக்கிறது. கீழ்க்கட்டை மட்டும் என்றால் ஒட்டுப் போடுவேன். பக்கக் கட்டையும் முழம் உயரம் போய்விட்டது என்றால் பாதி நிலை புதிதாகிவிடும்.


கோரிமேடு பட்டறை (அக்டோபர் 27, காலை 10.15)

ஆசாரி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, சமையலறைக்கு மட்டும் மாற்றச் சொல்கிறேன். ஆவி படுகிற இடம், மரம் போய்விட்டது, அம்மாவால் வருடா வருடம் பெயிண்ட் அடிக்க முடியாது. வெளியே திறக்கும் யுபிவிசி, மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். படுக்கையறை இரண்டும் தேக்காகவே இருக்கட்டும்.


உளிச்சத்தம் (அக்டோபர் 27, மதியம் 12.40)

கோபம் இல்லை. சரியான பேச்சு. ஆனால் கழற்றும் சமையலறைத் தேக்கை யாருக்கும் கொடுத்துவிடாதே. மேல்பகுதி நன்றாகத்தான் இருக்கும். ஐம்பது வருடம் அதே சுவரில் வெயிலும் மழையும் தின்ற மரம். படுக்கையறைக் கதவுக்கு ஒட்டுப் போட அதைவிடப் பொருத்தமான கட்டை கிடைக்காது. அதே நிறம், அதே பதம்.


மலைவீடு (அக்டோபர் 27, இரவு 8.30)

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அது வீட்டுக்குள்ளதான் இருக்கும்" என்றார்கள். சமையலறைக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

ஒரு கேள்வி. மேற்குப் பக்கம் சில்வர் ஓக் கிளை விழுந்து இரண்டு முறை கண்ணாடி உடைந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா? படகில் அதுதானே போடுகிறார்கள்?


வீல்ஹவுஸ் (அக்டோபர் 27, இரவு 9.45)

போடலாம், ஆனால் அது கண்ணாடி மாதிரி சும்மா இருக்காது. சூட்டுக்குக் கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் அக்ரிலிக், குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி மாறினால், 3 மி.மீ. அளவுக்கு நீளும். படகில் அதைப் பொருத்தும்போது சுற்றிலும் இடைவெளி விடுவோம், திருகாணி போகும் துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போடுவோம். இல்லையென்றால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். மக்கு வைத்துப் பதித்தால் இரண்டே மாதத்தில் மக்கு விட்டுவிடும். பியூட்டைல் டேப் மாதிரி காயாத, இழுபடுகிற ஒன்றுதான் சரி. பாலிசல்ஃபைடு பசை அக்ரிலிக்கைத் தின்றுவிடும், அதைத் தொடாதீர்கள். தின்னர், அசிட்டோன் வைத்துத் துடைத்தாலும் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

உங்கள் வீட்டில் உள்ளது சின்னச் சின்னக் கண்ணாடி. அடிபடாத கண்ணாடி வேண்டுமென்றால் டஃபன்டு (கெட்டிப்படுத்திய கண்ணாடி) போடுங்கள். மக்கோடு ஒத்துப்போகும். கிளையையும் வெட்டிவிடுங்கள்.


சிவில் சேலம் (பிப்ரவரி 11, மாலை 5.20)

மலைவீடு, மாசி பிறக்கப் போகிறது. சன்ஷேடு மூட்டுக்கு மேஸ்திரி வந்தால் வெறும் சிமெண்ட் வைக்கவிடாதீர்கள். வெயிலில் சன்ஷேடு ஒரு பக்கம் விரியும், சுவர் ஒரு பக்கம் விரியும். நடுவில் வைத்த சிமெண்ட் அடுத்த கோடையில் மறுபடி வெடிக்கும். விரிசலை 10 மி.மீ. அகலத்துக்கு விரித்து, தூசி ஊதி, உள்ளே நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட். பசை இரண்டு பக்கமும் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. அடியிலும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல் நடுவில் கிழியும். கயிறு அதற்குத்தான். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும்.

சன்ஷேடு மேலே வெளியே போகும்படி வாட்டம் வைத்துப் பூசுங்கள். அடிப்பக்கம் ஓரமாக ஒரு காடி இருக்கிறதா என்று பாருங்கள். காடி இல்லாவிட்டால் மேலே விழும் தண்ணீர் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடி வந்து சுவரில் சேரும். பழைய மெல்லிய சன்ஷேடை வெட்டிக் காடி எடுக்க வேண்டாம். ஓரத்தில் அரை அங்குல அலுமினிய ஆங்கிள் ஒன்றைக் கீழ்நோக்கி ஒட்டிவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்துவிடும்.


உளிச்சத்தம் (பிப்ரவரி 12, காலை 7.05)

கண்ணாடி பதிப்பதை நான் வந்து செய்து தருகிறேன் என்று தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காடியைச் சுரண்டி வெறும் மரம் தெரிந்ததும் நேராக மக்கு வைக்கக் கூடாது. காய்ந்த மரம் மக்கிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிடும், மக்கு மண்ணாகிவிடும். முதலில் ஆயில் பிரைமர் ஒரு கை. காய்ந்த பிறகு காடியின் அடியில் மெல்லிய திரியாக மக்கு. அதன் மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களில் விரலால் அழுத்த வேண்டும், நடுவில் இல்லை. பின்பக்கம் மக்கு பிதுங்கி வரும். அது வராத இடத்தில் தண்ணீர் வரும். அப்புறம் சின்ன ஆணி. அப்புறம்தான் வெளிப்பக்க மக்கு, சரிவாக, ஒரே இழுப்பில். பலர் இந்த வெளி மக்கை மட்டும் வைத்துவிட்டு அடி மக்கை விட்டுவிடுகிறார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மேலே தோல் கட்டியதும் பெயிண்ட். பிரஷ் மக்கோடு நிற்கக் கூடாது, கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏற வேண்டும். அந்தக் கோடுதான் மக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவிலான இடுக்கை மூடுவது. அழகுக்காக அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

சிலிக்கான் இருந்த இடம் முழுக்க இழைப்புளி போட்டு எடுத்தாக வேண்டும். அதன் பிசுக்கு இருக்கிறவரை பெயிண்டும் பிடிக்காது, மக்கும் பிடிக்காது.


நாகலூர் காப்பிக்காடு (மே 9, இரவு 7.30)

இங்கே கோடை மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரை மணியிலிருந்து காற்றும் மழையும். மலைவீடு, உங்கள் பக்கம் எப்படி?


மலைவீடு (மே 9, இரவு 11.15)

இப்போதுதான் அம்மாவிடம் பேசினேன். இரண்டு மணி நேரம் மேற்கிலிருந்து அடித்திருக்கிறது. நடுவில் கரண்டும் போய்விட்டதாம்.

இடது ஜன்னல்: ஒரு துளிகூட இல்லை. சன்ஷேடு ஓரத்திலிருந்து தண்ணீர் சுவரைத் தொடாமல் நேராகக் கீழே விழுகிறதாம், டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். சமையலறைப் புது ஜன்னல்: அடித்துளையிலிருந்து வெளியே வடிந்துகொண்டிருக்கிறது, உள்ளே இல்லை. வலது ஜன்னலில் மட்டும் இரண்டு கதவும் சேருகிற நடு இடத்தில் கை தொட்டால் ஈரம் தெரிகிறது என்கிறார்கள். வழியவில்லை, ஈரம்தான். உளிச்சத்தம் ஐயா, அந்த நடுப்பட்டியை ஞாயிற்றுக்கிழமை போகும்போது இழைத்து மறுபடி அடிக்கலாமா, அல்லது மழைக்காலம் ஒன்று கழிந்து மரம் எவ்வளவு ஊதுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடலாமா?

வாளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேட்டித் திரியை மட்டும் மடித்து ஜன்னல் ஓரத்திலேயே வைத்திருக்கிறார்கள்.


உளிச்சத்தம் (மே 10, காலை 6.20)

இப்போது இழைக்காதே. கார்த்திகை வரை விடு. மரம் ஊதி அதுவே அடைத்துக்கொண்டாலும் கொள்ளும். அடைக்காவிட்டால் தையில் நானே வந்து பட்டியை மாற்றுகிறேன். சமையலறைத் தேக்கில் இரண்டு அடித் துண்டு ஒன்று பரணில் வைத்துவிட்டு வந்தேன், அது போதும்.